ஆறாத காலும் ஆற்றும் மருந்தும்: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் நீரிழிவுப் பாதச் சிகிச்சையின் வரலாறு

சிங்கப்பெருமாள்கோயிலில் பிரிந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலை இன்று கார், டயர், கண்ணாடி, கைபேசித் தொழிற்சாலைகளின் சாலை. இதன் தென்கோடிக்கு அருகே செங்கல்பட்டை ஒட்டித் திருமணி என்ற ஊர் இருக்கிறது. ஒரகடத்திலிருந்து கிழக்கே படப்பை வழியாகச் சென்றால் தாம்பரம் சானடோரியம் வரும். வடகோடியான ஸ்ரீபெரும்புதூரிலேயே ஒரு சித்த மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. இன்னும் வடகிழக்கே சென்னை ராயபுரம். உணர்ச்சியற்ற காலில் வரும் நாட்பட்ட புண்ணை எப்படி ஆற்றுவது என்ற கேள்விக்கு இந்த நான்கு இடங்களும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விடைகளைத் தேடின. அந்த விடைகள் ஒன்றோடொன்று சேர்ந்த கதைதான் இவ்வட்டாரத்தில் நீரிழிவுப் பாதச் சிகிச்சையின் வரலாறு. மரபு மருத்துவத்துக்கு அதில் உரிய இடம் எது என்பதையும் அந்த வரலாறே காட்டுகிறது.

நோயின் இயல்பு

நீரிழிவு பல ஆண்டுகள் கட்டுப்பாடின்றி நீடித்தால் காலின் நரம்புகள் முதலில் பழுதாகின்றன. எரிச்சல், ஊசி குத்துவது போன்ற வலி, மதமதப்பு என்று தொடங்கி, நாளடைவில் பாதம் முற்றிலும் மரத்துப் போகிறது. வியர்வை குறைந்து தோல் வறண்டு பித்தவெடிப்பு உண்டாகிறது. பாதத்தின் சிறு தசைகள் நலிந்து விரல்கள் வளைவதால் உடலின் எடை முழுவதும் சில புள்ளிகளில் மட்டும் இறங்குகிறது. அங்கே தோல் தடித்துக் கால் ஆணி போலாகி, அதன் அடியில் தசை நசுங்கிப் புண்ணாகிறது. வலி தெரியாததால் நோயாளி அதன்மேலேயே நடக்கிறார். கூடவே ரத்தக் குழாய்கள் குறுகியிருந்தால் புண்ணுக்கு ரத்தம் போதாது. ரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருக்கும்போது கிருமித் தொற்றும் விரைவாகப் பரவுகிறது. உணர்ச்சியின்மை, அழுத்தம், ரத்தக் குறைவு, தொற்று ஆகிய நான்கில் எதைக் கவனிக்காமல் விட்டாலும் புண் ஆறுவது அரிது. பல நூற்றாண்டுகளாகப் புண்ணுக்கு மருந்து தேடிய மருத்துவ முறைகள் இந்த நான்கையும் ஒருசேரக் கண்டுகொண்டது இருபதாம் நூற்றாண்டில்தான்.

பழைய நூல்களில்

இந்திய மருத்துவ நூல்கள் நீரிழிவை மேகநோய்களில் சேர்த்தன. ஆயுர்வேதமும் சித்த மருத்துவமும் மேகத்தை இருபது வகையாகப் பிரித்தன. சிறுநீர் தேன்போல் இனிப்பதால் ஒரு வகைக்கு மதுமேகம் என்று பெயர் வந்தது. நீரிழிவு என்ற தமிழ்ப் பெயரும் சிறுநீர் அளவின்றிக் கழிவதைக் குறித்ததே. சித்த மருத்துவர்கள் சிறுநீரின் நிறம், மணம், நுரை, எடை ஆகியவற்றைப் பார்ப்பதோடு, அதில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு அது பரவும் விதத்தையும் கவனித்தனர். நீர்க்குறி, நெய்க்குறி எனப்படும் இச்சோதனைகள் தேரையர் பெயரோடு சேர்த்து வழங்குகின்றன.

மேகநோய் முற்றினால் உடலில் கட்டிகளும் பிளவைகளும் வரும், அவை ஆறுவது அரிது என்பதை அந்நூல்கள் தெளிவாகவே அறிந்திருந்தன. சரகர் ஏழு வகைக் கட்டிகளையும் சுசுருதர் பத்து வகைக் கட்டிகளையும் இந்நோயின் தொடர்விளைவாகக் குறிப்பிடுகின்றனர். புண்ணைப் பேணுவதற்குச் சுசுருதர் அறுபது வழிகளைப் பட்டியலிடுகிறார். கழுவுதல், கீறுதல், அழுகிய தசையை வெட்டி நீக்குதல், கட்டுதல், வடுவின் நிறத்தைத் தேற்றுதல் எனப் புண்ணின் தொடக்கம் முதல் ஆறிய பிறகு வரை அந்தப் பட்டியல் செல்கிறது.

சீனத்திலும் இதே காலப்பகுதியை ஒட்டி இதே நோய் கவனிக்கப்பட்டது. ஓயாத தாகமும் உடல் மெலிவும் கொண்ட நோயை அவர்கள் சியாவ்கே என்றனர். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ‘ஹுவாங்தி நெய்ஜிங்’ என்ற நூல் கால்விரல் கருத்து அழுகும் நோயை விவரிக்கிறது. நோய் தணியாவிட்டால் தாமதிக்காமல் விரலை வெட்டிவிட வேண்டும், இல்லையேல் உயிர் போகும் என்று அது எச்சரிக்கிறது. 1846-இல் வெளிவந்த ஒரு சீன மருந்துத் தொகுப்பில் நான்கு மூலிகைகள் கொண்ட கசாயம் ஒன்று இதற்குச் சொல்லப்பட்டது. சிமியாவ் யோங்ஆன் எனப்படும் அக்கசாயத்தைக் கால் அழுகலுக்கான துணை மருந்தாகச் சீன மருத்துவமனைகள் இன்றும் பயன்படுத்துகின்றன. இந்திய மரபும் சீன மரபும் மருந்தை நம்பிய அளவுக்குக் கத்தியையும் நம்பின என்பது இங்கே கவனிக்கத்தக்கது. அழுகிய தசை நீங்காமல் மருந்து வேலை செய்யாது என்பது இரண்டுக்கும் பொதுவான அறிவு.

வைத்தியர் கையில்

சித்த மருத்துவம் அகமருந்து முப்பத்திரண்டு, புறமருந்து முப்பத்திரண்டு என்று வகுத்தது. கட்டு, பற்று, ஒற்றடம், பூச்சு, சீலை, களிம்பு, கீறல், காரம், அட்டை விடல், அறுவை, குருதி வாங்கல் போன்றவை புறமருந்தில் அடங்கும். நவீன மருத்துவம் அறுவை என்றும் டிரெஸ்ஸிங் என்றும் தனித்தனியே பார்ப்பவற்றைச் சித்தம் ஒரே பட்டியலில் வைத்தது.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் இந்தப் புறமருந்துகளைக் கையாண்டவர்களில் முக்கியமானவர்கள் முடிதிருத்தும் தொழிலோடு வைத்தியமும் பார்த்த மருத்துவர் சமூகத்தார். கட்டியைக் கீறுவது, சீழ் எடுப்பது, அட்டை விடுவது, புண்ணைக் கழுவிக் கட்டுவது எல்லாம் ஆண்களின் கைவேலை. பேறுகாலம் பார்ப்பது அவர்கள் வீட்டுப் பெண்களின் வேலை. ஏட்டுச்சுவடி வைத்திருந்த வைத்தியர் உள்மருந்து கொடுக்க, புண்ணைத் தொட்டுக் கழுவும் பணி சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்டவர்களிடம் இருந்தது. புண் மருத்துவம் வளர வேண்டிய அளவுக்கு எழுத்தில் பதியாமல் போனதற்கு இந்தப் பிரிவினையும் ஒரு காரணம்.

அவர்கள் புண்ணைக் கழுவப் பயன்படுத்தியவை பெரும்பாலும் துவர்ப்புப் பொருள்கள். கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் சேர்ந்த திரிபலைக் குடிநீர், படிகாரம் கரைத்த நீர், ஆலம்பட்டை, அரசம்பட்டை, வேப்பம்பட்டை ஆகியவற்றின் கசாயம் என்பன அவற்றுள் சில. துவர்ப்பு புண்ணின் கசிவைக் குறைத்து மேற்பரப்பை இறுக்கும். கழுவிய பிறகு தைலத்தில் நனைத்த சீலையை வைத்துக் கட்டுவார்கள். இந்த வகையில் தமிழ்நாட்டில் அதிகம் பேர்பெற்றது மத்தன் தைலம். ஊமத்தை இலைச் சாறும் தேங்காய் எண்ணெயும் மயில்துத்தமும் சேர்த்துக் காய்ச்சப்படும் இதன் நிறத்தைக் கொண்டு மக்கள் பச்சை எண்ணெய் என்றும் சொல்வர். மயில்துத்தம் என்பது செம்பின் உப்பு. கிருமிகளைத் தடுக்கும் ஆற்றல் செம்புக்கு உண்டு. ஊமத்தையும் மயில்துத்தமும் வயிற்றுக்குள் போனால் நஞ்சு என்பதால் இது வெளிப்பூச்சுக்கு மட்டுமே உரிய மருந்து. குங்கிலிய வெண்ணெய் போன்ற களிம்புகளும் புண்ணுக்கு வழங்கின.

உள்ளுக்கு ஆவாரைக் குடிநீர், சிறுகுறிஞ்சான் இலை, நாவல் கொட்டைப் பொடி, கடலழிஞ்சில் வேர்ப்பட்டை போன்றவை கொடுக்கப்பட்டன. பத்தியம் கட்டாயம். இன்சுலின் இல்லாத காலத்தில் இவற்றுக்கு மேல் எந்த நாட்டு மருத்துவரிடமும் வலுவான மருந்து இருக்கவில்லை. நீரிழிவோடு பிளவை வந்தவர் பிழைப்பது லண்டனிலும் காஞ்சிபுரத்திலும் அரிதாகவே இருந்தது.

அரசும் மரபும்

1921-இல் டொராண்டோவில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது. அதே ஆண்டில் சென்னை மாகாண அரசு நாட்டு மருத்துவ முறைகளை ஆராய முகமது உஸ்மான் தலைமையில் ஒரு குழு அமைத்தது. கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி அதன் செயலாளர். ஆயுர்வேதம், சித்தம், யுனானி வைத்தியர்களிடம் அவரவர் மொழியிலேயே சாட்சியம் பெற்று 1923-இல் குழு அறிக்கை அளித்தது. நாட்டு மருத்துவத்துக்கு அரசே கல்வி தர வேண்டும் என்ற அதன் பரிந்துரையால், பனகல் அரசர் முதலமைச்சராக இருந்தபோது சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. அங்கே உடற்கூறும் அறுவையும் நாட்டு மருத்துவத்தோடு சேர்த்துக் கற்பிக்கப்பட்டன.

மருந்து செய்முறையை ஒழுங்குபடுத்தும் முயற்சியாக 1944-இல் இந்திய மருத்துவர்கள் கூட்டுறவு மருந்தகமான இம்ப்காப்ஸ் உருவானது. விடுதலைக்குப் பிறகு 1964-இல் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும், 1970-இல் சென்னை அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவ மருத்துவமனையும் வந்தன. 1983-இல் தமிழக அரசின் மூலிகை மருந்து நிறுவனமான டாம்ப்கால் ஏற்பட்டது. ஒரு வைத்தியர் வீட்டுக்கும் இன்னொருவர் வீட்டுக்கும் வேறுபட்டு வந்த தைலமும் சூரணமும் அரசு மருத்துவமனைகளில் ஒரே செய்முறையில் கிடைக்கத் தொடங்கியது இந்த நிறுவனங்களால்தான்.

திருமணியின் பாடம்

நீரிழிவுப் பாதத்தைக் காக்கும் இன்றைய முறையின் அடிப்படை நீரிழிவு மருத்துவத்திலிருந்து வந்ததல்ல, தொழுநோய் மருத்துவத்திலிருந்து வந்தது. அதன் முக்கியமான கட்டங்களில் ஒன்று இவ்வட்டாரத்தில் நிகழ்ந்தது.

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924-இல் லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லம் ஏற்பட்டது. தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன் அங்கே தலைமை மருத்துவராக இருந்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-இல் வந்த எலும்பு அறுவை மருத்துவர் பால் பிராண்டை அவர் 1947-இல் செங்கல்பட்டுக்கு அழைத்துச் சென்றார். மடங்கிய விரல்களோடு நின்ற நோயாளிகளைக் கண்ட பிராண்ட், ஒருவரிடம் தன் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார். பிடி எதிர்பாராத வலுவோடு இருந்தது. தசைகள் எல்லாம் செயலிழக்கவில்லை, சில நரம்புகள் மட்டுமே பழுதாகியுள்ளன என்று அவர் உணர்ந்தார்.

அதுவரை தொழுநோயாளியின் காற்புண் அவரது தசையே கெட்டுப்போனதன் விளைவு, அது இயல்பாக ஆறாது என்று நம்பப்பட்டது. பிராண்டும் அவரது குழுவினரும் வேலூரிலும், 1955-இல் தொடங்கப்பட்ட காரிகிரி ஆராய்ச்சி நிலையத்திலும் செய்த பணி அந்த நம்பிக்கையை உடைத்தது. புண்ணின்மேல் எடை இறங்காமல் மாவுக்கட்டுப் போட்டு வைத்தால், தொழுநோயாளியின் தசையும் மற்றவர் தசையைப் போலவே ஆறியது. கட்டைப் பிரித்து வெறுங்காலில் நடக்கவிட்டால் புண் திரும்பியது. ஆக, புண்ணின் காரணம் வலி தெரியாமல் நடப்பதுதான். பாதம் முழுவதையும் ஒட்டித் தழுவும் மாவுக்கட்டை 1930களிலேயே இலங்கையில் அறுவை மருத்துவர் மில்ராய் பாலும், இந்தியாவில் ஜோசப் கானும் தொழுநோய்ப் புண்ணுக்குப் பயன்படுத்தியிருந்தனர். பிராண்ட் அதற்கு உடலியக்க அடிப்படையில் விளக்கம் தந்தார்.

ஆறிய பிறகு புண் திரும்பாமல் இருக்கச் செருப்பு வேண்டும். எம்.சி.ஆர். எனப்படும் நுண்துளை ரப்பர் அட்டையில் செய்த செருப்பு அப்படித்தான் பிறந்தது. பாதத்தின் வடிவுக்கு அமுங்கிக் கொடுக்கும் ரப்பர், முள்ளும் கல்லும் துளைக்காத கெட்டியான அடிப்பாகம், கழன்றுவிடாமல் இருக்கப் பின்வார் ஆகியவை இதன் அடையாளங்கள். ஆணி அடிப்பதில்லை, பசையால்தான் ஒட்டுவார்கள். மரத்துப்போன காலில் ஆணி ஏறினாலும் அணிந்தவருக்குத் தெரியாது என்பதே காரணம்.

திருமணி இல்லத்தை இந்திய அரசு 1955-இல் ஏற்று, மத்திய தொழுநோய் போதனை மற்றும் ஆராய்ச்சி நிலையமாக்கியது. பிராண்ட் 1960களில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே இதே முறைகள் நீரிழிவு நோயாளிகளின் கால்களுக்கும் கையாளப்பட்டன. பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் வைத்து, உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையை நீரிழிவுக் காலுக்கு உரிய அளவுகோலாக்கியதும் 1980களில் கார்வில் ஆராய்ச்சியாளர்களே.

ராயபுரமும் நீரிழிவும்

இன்சுலின் வந்த பிறகு நீரிழிவுள்ளவர்கள் நீண்ட நாள் வாழத் தொடங்கினர். நீண்ட நாள் வாழ்ந்தவர்களின் கால்கள் பழுதாயின. அமெரிக்க மருத்துவர் எலியட் ஜாஸ்லின் 1934-இலேயே கால் அழுகலை நீரிழிவின் பேராபத்தாக எடுத்துக்காட்டி எழுதினார்.

சென்னையில் பேராசிரியர் எம். விசுவநாதன் 1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுப் பிரிவைத் தொடங்கினார். 1954-இல் ராயபுரத்தில் எம்.வி. நீரிழிவு மருத்துவமனையை நிறுவினார். இந்தியாவில் நீரிழிவுக்கெனத் தனித் துறை உருவாக அடித்தளம் இட்டவர் அவர். பின்னர் இம்மருத்துவமனை பாதச் சிகிச்சைக்கெனத் தனிக் கவனம் செலுத்தியது. 2000களின் தொடக்கத்தில் இந்தியாவிலும் தான்சானியாவிலும் மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும் சேர்த்தே பாதப் பராமரிப்புப் பயிற்சி தந்த ‘ஸ்டெப் பை ஸ்டெப்’ திட்டத்தில் இம்மருத்துவமனையின் விஜய் விசுவநாதனுக்கு முக்கியப் பங்குண்டு. அடையாறில் 1948-இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் சென்னை மருத்துவர்களோடு சேர்ந்து நீரிழிவுக் காலுக்கான காலணிகளை வடிவமைத்தது. தொழுநோயாளிக்காக வந்த எம்.சி.ஆர். ரப்பர் இப்படி நீரிழிவுள்ளவரின் காலுக்கு வந்தது. தொழுநோயாளியின் செருப்பு என்று பார்ப்பவர் நினைத்துவிடக் கூடாதே என்பதற்காகத் தோற்றத்தை மாற்ற வேண்டியும் இருந்தது.

புண்ணில் அழுகிய தசையை நீக்குதல், தொற்றுக்கு உரிய நுண்ணுயிர்க்கொல்லி, ரத்தக் குழாய் அடைப்பைச் சோதித்துச் சரிசெய்தல், எடை இறங்காமல் செய்தல், சர்க்கரைக் கட்டுப்பாடு ஆகிய ஐந்தும் இந்தக் காலத்தில் சிகிச்சையின் ஒழுங்காக நிலைபெற்றன.

தாம்பரத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் சித்தம்

தாம்பரம் சானடோரியம் என்ற பெயர் 1928-இல் டாக்டர் சௌரி முத்து அங்கே தொடங்கிய காசநோய் இல்லத்தால் வந்தது. அதே பகுதியில் மத்திய அரசின் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தைப் பிரதமர் மன்மோகன் சிங் 2005 செப்டம்பர் 3 அன்று திறந்துவைத்தார். அதன் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதரின் பெயர். தமிழ்ச் சமூகச் சிந்தனையாளராக இன்று அறியப்படும் அயோத்திதாசர் (1845–1914) சித்த மருத்துவராகவே தொழில் செய்தவர். ஸ்ரீபெரும்புதூரில் வேலுமயிலு சித்த மருத்துவக் கல்லூரியும், மேற்குத் தாம்பரத்தில் சாய்ராம் சித்த மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. 2005-இல் தொடங்கிய தேசிய ஊரக நலத் திட்டத்தின் கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றில் சித்தப் பிரிவுகள் வந்தன. ஒரே கூரையின் கீழ் ஆங்கில மருத்துவரும் சித்த மருத்துவரும் அமர்ந்ததால், காற்புண்ணோடு வருபவரை ஒருவரிடமிருந்து மற்றவரிடம் அனுப்பும் வழி உண்டாயிற்று.

இந்த மருத்துவமனைகளில் சித்தச் சிகிச்சை இன்று பெரும்பாலும் துணைச் சிகிச்சையாகவே நடக்கிறது. நோயாளி இன்சுலினையோ மாத்திரையையோ தொடர்வார். திரிபலைக் குடிநீரால் புண் கழுவப்படும். மத்தன் தைலம் அல்லது களிம்பு வைத்துக் கட்டப்படும். உள்மருந்தும் பத்தியமும் கூடவே உண்டு. ரத்த ஓட்டம் குறைந்த காலில் அட்டை விடுவதும், மரத்துப்போன காலில் சூடான ஒற்றடம் கொடுப்பதும் ஆபத்து. சூடு தெரியாத காலில் ஒற்றடமே தீப்புண்ணாகிவிடும். பாதரசம், கந்தகம், வங்கம் சேர்ந்த மருந்துகளைச் சிறுநீரகம் பழுதான நீரிழிவு நோயாளிக்குக் கொடுப்பதில் பெரும் எச்சரிக்கை வேண்டும்.

சட்டமும் இதற்கு வரம்பு வகுத்திருக்கிறது. சித்த மருந்துகள் 1964-இல் மருந்துகள் மற்றும் அழகுப் பொருள்கள் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருந்துகள் சட்டம் தடை செய்கிறது. சுகரை வேரோடு அறுப்போம் என்று சுவரிலும் கைபேசியிலும் வரும் விளம்பரங்கள் அந்தச் சட்டத்தை மீறியவையே.

சோதனைக்கு வந்த மூலிகைகள்

மரபு மருந்து காற்புண்ணை உண்மையில் ஆற்றுகிறதா என்ற கேள்விக்கு அனுபவம் மட்டும் விடையாகாது. புண் கழுவப்பட்டு, அழுகல் நீக்கப்பட்டு, நோயாளி படுக்கையில் ஓய்வாக இருந்தாலே பல புண்கள் ஆறத் தொடங்கிவிடும். பெருமை மருந்துக்குப் போய்விடும். எனவே ஒரு பகுதியினருக்கு மருந்தும் மறு பகுதியினருக்கு வழக்கமான கட்டும் தந்து ஒப்பிட வேண்டும். சீனாவில் 1950களிலிருந்து அரசே சீன மருத்துவத்தையும் நவீன மருத்துவத்தையும் இணைக்க ஊக்கம் தந்ததால், நீரிழிவுப் பாதம் பற்றி அங்கே ஏராளமான ஆய்வுகள் நடந்துள்ளன. ஆனால் அவற்றில் பல சிறியவை, முறையாக ஒப்பிடப்படாதவை.

இந்தக் குறையைத் தாண்டிய ஆய்வுகளில் ஒன்று தைவானில் உருவான ஒரு களிம்பைப் பற்றியது. அதன் மூலப்பொருள்கள் தமிழ் வீடுகளுக்கு மிகவும் பழக்கமானவை. ஒன்று சளிக்குக் கிள்ளிக் கொடுக்கும் கற்பூரவல்லி, மற்றொன்று கீரைக் கட்டில் வரும் வல்லாரை. ஓ.என்.101 என்ற பெயரில் தைவான், சீனா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் 21 மையங்களில் இது சோதிக்கப்பட்டது. 2021-இல் வெளியான முடிவின்படி, 236 நோயாளிகளில் களிம்பு பூசப்பட்டவர்களில் 60.7 விழுக்காட்டினருக்கும், கசிவை உறிஞ்சும் வழக்கமான கட்டுப் போடப்பட்டவர்களில் 35.1 விழுக்காட்டினருக்கும் 16 வாரத்துக்குள் புண் முழுதும் மூடியது. அதே ஆண்டில் தைவான் அரசு அதை மருந்தாக அங்கீகரித்தது. இது நன்கு சுத்தம் செய்யப்பட்ட புண்களில் மட்டும் கிடைத்த பயன். வீட்டில் இலையை அரைத்துப் புண்ணில் அப்புவதற்கு இந்த முடிவு சான்றாகாது. தூய்மையாக்கி அளவிட்ட சாற்றுக்கும் மண்ணும் கிருமியும் கலந்த பச்சிலை விழுதுக்கும் பெரிய தூரம் உண்டு.

நீரிழிவுப் பாதம் குறித்த சர்வதேச வல்லுநர் குழு 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், புண்ணை ஆற்றுவதற்காக மட்டும் மூலிகைப் பூச்சுகளைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கிறது. மூலிகை எதுவுமே பயன்படாது என்பது அதன் பொருளல்ல, இதுவரை கிடைத்த சான்றுகளின் தரம் பொதுப் பரிந்துரைக்குப் போதாது என்பதுதான். மத்தன் தைலத்தைச் சித்த மருத்துவமனைகள் நீண்ட காலமாகப் பயன்படுத்துகின்றன. கற்பூரவல்லிக் களிம்புக்கு நடந்ததைப் போன்ற பெரிய ஒப்பீட்டுச் சோதனை அதற்கும் தேவை.

தொழிற்பேட்டையின் கால்கள்

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் முப்பது ஆண்டுகளுக்கு முன்புவரை ஏரிப் பாசன நெல் வயல்களின் பகுதி. உழவர் வெறுங்காலில் நடந்தனர். சேற்றுப்புண்ணும் முள் குத்தியதும்தான் அவர்களின் கால் நோய்கள். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2000-இல் செயிண்ட் கோபைன் கண்ணாடி ஆலையும், 2006-இல் நோக்கியா கைபேசி ஆலையும் வந்தன. நோக்கியா 2014-இல் மூடப்பட்டது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிசானும் அப்பல்லோ டயர்ஸும், 2012-இல் பாரத்பென்ஸ் லாரி தயாரிக்கும் டைம்லரும், 2013-இல் ராயல் என்ஃபீல்டும் உற்பத்தியைத் தொடங்கின. ஒரு தலைமுறைக்குள் வெறுங்கால் எஃகு முனை கொண்ட சேஃப்டி ஷூவுக்குள் புகுந்தது.

இந்த மாற்றம் நீரிழிவுக்கு இரு வகையில் தொடர்புடையது. ஷிப்ட் வேலை, உறக்கக் குறைவு, நேரந்தவறிய உணவு ஆகியவை சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதைக் கடினமாக்குகின்றன. எட்டு மணி நேரம் நின்றே செய்யும் வேலையும், அளவு பொருந்தாத இறுக்கமான ஷூவும், வியர்வையில் ஊறிய சாக்ஸும் மரத்துப்போன காலுக்கு நேரடி ஆபத்து. கனமான பொருள் விழுந்து விரல் நசுங்காமல் காக்க வந்த காலணி, உணர்ச்சி இழந்த விரலை உள்ளேயே உரசிப் புண்ணாக்கவும் கூடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய ஆய்வு 2023-இல் வெளியிட்ட கணக்கில், தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. தொழிற்சாலைகளில் இன்று இளைஞராகச் சேர்ந்திருப்பவர்களில் பலர் நடுவயதைத் தொடும்போது இந்தக் கணக்கில் சேரக்கூடும்.

சிகிச்சைக்கான அமைப்பு இல்லாமல் இல்லை. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் முதலுதவி மருத்துவ அறை இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. அதே ஆண்டின் சட்டத்தால் உருவான இ.எஸ்.ஐ. திட்டம் தமிழ்நாட்டுக்கு 1955-இல் வந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே நீரிழிவு மாத்திரையைக் கொண்டுசென்றது. அதைத் தொடர்ந்து பணியிடத்திலேயே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சோதிக்கும் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ 2024-இல் வந்தது. நீரிழிவுக் கால்களைத் தொடக்கத்திலேயே கண்டறிய ‘பாதம் பாதுகாப்போம்’ திட்டத்தைத் தஞ்சாவூரில் முன்னோட்டமாக நடத்திப் பார்த்து, பின் மாநிலம் முழுவதும் விரிக்க அரசு முற்பட்டது. பத்து கிராம் நைலான் இழைச் சோதனைக்குச் சில நிமிடங்கள் போதும். ஆலையின் மருத்துவ அறையிலேயே ஒரு செவிலியர் அதைச் செய்துவிடலாம்.

வரலாறு காட்டும் வரிசை

திருமணி, வேலூர், ராயபுரம், தாம்பரம் ஆகிய இடங்களின் அனுபவத்தைச் சேர்த்துப் பார்த்தால் சிகிச்சைக்கு ஒரு வரிசை தெரிகிறது. முதலில் காலின் உணர்ச்சியையும் ரத்த ஓட்டத்தையும் சோதிக்க வேண்டும். புண் இருந்தால் அதன்மேல் எடை இறங்காமல் செய்ய வேண்டும். அழுகலை நீக்கி, தொற்றை அடக்கி, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். தைலமும் குடிநீரும் களிம்பும் இதன் பிறகே வருபவை. தகுதியுள்ள சித்த மருத்துவர் கையில், நவீன மருத்துவருக்கும் தெரிந்து நடக்கும்போது அவை துணையாக நிற்கலாம். கருத்த விரல், கெட்ட வாடை, காய்ச்சல், பாதத்தில் பரவும் சிவப்பு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் தைலத்துக்குக் காத்திருக்க நேரமில்லை, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முற்றிய அழுகலில் தாமதம் உயிரைக் குடிக்கும் என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய சீன நூலே சொல்லியிருக்கிறது. மருந்து மரபுடையதா புதியதா என்பதைவிட, அது சிகிச்சை வரிசையில் எந்த இடத்தில் வருகிறது என்பதே காலைக் காப்பதையும் இழப்பதையும் தீர்மானிக்கிறது.